இரண்டாவது தூக்குப்பெட்டி

அக்கா வீட்டில் சமையலறை அலமாரிக் கதவு இறங்கிப்போய் அடியில் உரசுகிறது என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சுச் சாமான்கள் வைக்கிற தூக்குப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் பஸ், இறங்கியதும் கால் கிலோமீட்டர் நடை, அப்புறம் மூன்று மாடிப் படிக்கட்டு. மேலே போய்ப் பெட்டியைக் கீழே வைத்தபோதுதான் கவனித்தேன், வழியில் ஒரு தடவைகூடக் கை மாற்றவில்லை. முட்டியில் எங்கும் இடிக்கவில்லை. உளிகள் ஐந்தும் வைத்தது வைத்தபடி நின்றன.

இதற்கு முன்னால் நான் செய்த பெட்டி படிக்கட்டிலேயே பிரிந்து விழுந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாவது பெட்டியில் உள்ள ஒவ்வொரு அளவும் முதல் பெட்டி உடைந்த இடத்திலிருந்து வந்ததுதான்.

அதற்கும் முன்னால் என் சாமான்கள் எல்லாம் ஒரு சிமெண்டுச் சாக்கில்தான் போய்க்கொண்டிருந்தன. இழைப்புளி, சுத்தியல், கொட்டாப்புளி, உளிகள் எல்லாம் ஒன்றாக. ஒருநாள் ஆறு நூல் உளி சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சுத்தியல் தலையில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. வேலை இடத்தில் எடுத்துப் பார்த்தால் உளியின் வெட்டு வாயில் பல் மாதிரி ஓர் உடைசல் விழுந்திருந்தது. அந்தப் பல் மறையும்வரை சாணைக்கல்லில் தேய்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றைக்கே பெட்டி செய்வது என்று முடிவு. (நூல் கணக்குத் தெரியாதவர்களுக்கு: எட்டு நூல் ஓர் அங்குலம். எங்கள் பக்கம் ஆசாரிமார் எல்லாரும் அதில்தான் பேசுவார்கள், எனக்கும் அதுதான் கைக்கு வருகிறது.)

முதல் பெட்டியைக் கார்த்திகை மழையில் செய்தேன். மாமா வீட்டை இடித்தபோது கிடைத்த பழைய தேக்குக் கதவுப் பலகைகள் இருந்தன. 11 அங்குல அகலத்தில் ஒரே பலகை. அதை அறுத்துச் சின்னதாக்க மனசு வரவில்லை. பலகை என்ன அகலமோ அதுவே பெட்டியின் அகலம் என்று வைத்துக்கொண்டேன். என்னிடம் இருந்த 22 அங்குலக் கைரம்பம் பிடியோடு உள்ளே படுக்க வேண்டும் என்று நீளத்தை 32 அங்குலமாக்கினேன். கனம் எல்லாமே ஓர் அங்குலம். கைப்பிடிக்கு முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய். பெட்டியின் இரண்டு கோடியிலும் நின்று கைப்பிடியைத் தாங்குகிற குறுக்குப் பலகைகளின் இரண்டு முனையிலும் பசை தடவி, பக்கப் பலகை வழியாக இரண்டரை அங்குல ஆணி அடித்தேன். அடிப்பலகையைச் சுற்றிலும் நெருக்கமாக ஆணி அடித்து இறுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தேக்கின் நிறம், கதவில் இருந்த பழைய கொண்டித் துளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு அழகு.

பெட்டியை எடைபோட்டுப் பார்க்கவே இல்லை. பிரிந்த பிறகு பயணப் பெட்டிக்கு மாட்டுகிற கொக்கித் தராசை இரவல் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். காலியாகவே 10.2 கிலோ. அதில் 12 கிலோ சாமான் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

ஆனி மாதம் வந்தது. மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் மழை கொட்டும், எங்கள் பக்கம் வறண்ட காற்றுதான் வீசும். அந்தக் காற்றில் முதலில் அடிப்பலகை நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விட்டது. ஒரு வாரத்தில் அதில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது. அதற்குப் பிறகு பக்கப் பலகைகள் லேசாக ஆட ஆரம்பித்தன. ஆணித் தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன. சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பினேன், மறுபடி வந்தன. கடைசியில் ஒருநாள் மாடியிலிருந்து இறங்கும்போது ஒரு பக்கத்துக் குறுக்குப் பலகை கைப்பிடியோடு என் கையில் நின்றது, பெட்டி கீழே போனது. இழைப்புளியின் பின்பிடி உடைந்தது. காலில் விழாதது நல்ல நேரம்.

தெருக்கோடியில் ஓர் ஆசாரி இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கண் சரியில்லாததால் இப்போது வேலைக்குப் போவதில்லை. உடைந்த பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். அவர் பசையைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்க்கவில்லை. குறுக்குப் பலகையைக் கையில் எடுத்துப் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்:

“தம்பி, மரத்தப் படுக்கப் போட்டுட்டியளே. நிக்க வச்சிருக்கணும்லா.”

“அகலம் போதணும்னு அப்படி வெட்டினேன் அண்ணாச்சி.”

“அகலம் வேணும்னா ரெண்டு பலகைய ஒட்டிக்கிடலாம். மரம் வளந்த வாக்குல நிக்க வச்சா அதுவே தூக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. ரேகை, அதாவது மரத்தின் இழை, படுக்கையாக ஓடுகிற குறுக்குப் பலகையில், பக்கப் பலகையோடு சேருகிற இடம் அறுத்த முனை. அறுத்த முனை பசையைக் குடித்துவிடும், பிடிக்காது. ஆணியும் அங்கே ரேகையோடு போகும், கொஞ்சம் ஆட்டினாலே கழன்றுவிடும். மேலே குறுகலாகப் போகிற கழுத்தில், குழாயை நான் சுத்தியலால் அடித்து ஏற்றிய துளையிலிருந்து இரண்டு பக்கமும் ரேகையோடு விரிசல் ஓடியிருந்தது. கீழே பிரிந்திராவிட்டால் மேலே பிரிந்திருக்கும். அடிப்பலகை வெடித்ததற்கும் இதுதான் காரணம். மரம் அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. படுக்கை ரேகைப் பலகை இரண்டு பக்கத்தையும் நகரவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றது, நடுவில் மாட்டிய அடிப்பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது பெட்டிக்கு ஆவணியில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முதலில் பென்சிலைத் தொடவில்லை. சாமான்களை எல்லாம் ஹாலில் பழைய செய்தித்தாள்மேல் பரப்பி, கடைசி ஐந்து தடவை வெளியே வேலைக்குப் போனபோது எதை எடுத்தேன், எதை எடுக்கவே இல்லை என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பிரித்தேன். 22 அங்குல ரம்பத்தை ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்கிறேன். அந்த ஒரு ரம்பத்துக்காகத்தான் பெட்டி 32 அங்குலம் ஆனது. அதை வீட்டில் விட்டுவிட்டு, முதுகில் பித்தளைப் பட்டை போட்ட 12 அங்குல ரம்பம் போதும் என்று முடிவு செய்தேன். பெரிய அரம் வேண்டாம். இரண்டாவது சுத்தியல் வேண்டாம். 14 அங்குல இரும்பு இழைப்புளி மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல் வருகிறது, ஆனால் கதவு வேலைக்கு அது இல்லாமல் முடியாது. ஐந்து உளி, கொட்டாப்புளி, ஆணிபிடுங்கி வைத்த சுத்தியல், மூலைமட்டம், திருப்புளிகள், பேட்டரி டிரில், சாணைக்கல், கொறடு, டேப், பென்சில். மொத்தம் 8.7 கிலோ. பெட்டி நான்கு கிலோவைத் தாண்டக்கூடாது என்று அங்கேயே எழுதி வைத்துக்கொண்டேன்.

செய்தித்தாளிலேயே சாமான்களை இடுக்கி அடுக்கிப் பார்த்தேன். உள்நீளம் 20 அங்குலம் இருந்தால் போதும், உள்ளகலம் ஏழரை. அகலத்தை இன்னொரு விதமாகவும் சோதித்தேன். ஓர் அட்டைப்பெட்டியை அந்த அளவுக்கு மடக்கிக் கயிறு கட்டி, உள்ளே அரிசி மூட்டையிலிருந்து எட்டு கிலோ போட்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். 11 அங்குல அகலத்தில் கை உடம்பை விட்டு விலகித்தான் நடக்க முடிகிறது, தோள் சீக்கிரம் வலிக்கிறது. 9 அங்குலத்துக்குள் வந்தால் கை நேராகத் தொங்குகிறது. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்தான். பெட்டி செய்ய நினைக்கிற யாரும் இதைச் செய்யாமல் மரத்தில் கை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மரத்துக்குத் தூத்துக்குடி போனேன். துறைமுகத்தில் இறங்குகிற இயந்திரங்களோடு வரும் பேக்கிங் பெட்டிகளைப் பிரித்து எடைக்கு விற்கிற கடைகள் அங்கே உண்டு. எல்லாம் பைன். அந்தப் பலகைகளில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து எடுத்தேன். சூட்டில் பதப்படுத்தியது என்று அர்த்தம். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும் என்பது அதற்கான விதி, பூச்சி செத்திருக்கும். 5½ அங்குல அகலம், ஏழு நூல் கனம், நாலடி நீளத்தில் எட்டுப் பலகை. முறுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே வைத்து முனையிலிருந்து முனை பார்த்து எடுத்தேன். எட்டும் சேர்ந்து 14.5 கிலோ, கிலோ 40 ரூபாய். 580 ரூபாய் ஆயிற்று. தேக்கு இன்னும் வீட்டில் இருந்தது. ஆனால் பைன் அதில் முக்கால்வாசி எடைதான் வரும். தூக்குகிற பெட்டிக்கு எடைதான் முக்கியம்.

பேக்கிங் மரத்தில் ஆணி ஒடிந்து உள்ளேயே கிடக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகைமேல் ஓட்டி, இழுக்கிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். மொத்தம் பத்து. பத்தையும் கொறடால் பிடுங்கினேன். காந்தத்தில் அகப்படாமல் இன்னொன்று உள்ளே இருந்திருக்கிறது, இழைப்புளி அலகில் பல் விழுந்தது. மறுபடி சாணைக்கல், மறுபடி அரை மணி நேரம். காந்தத்தை இழைப்பதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டியது போதவில்லை, மேல்தோல் சீவி எடுத்த பிறகு இன்னொரு முறை ஓட்டியிருக்க வேண்டும்.

பக்கப் பலகைகள் இரண்டு: 24 அங்குல நீளம், 5 அங்குல உயரம், ஐந்து நூல் கனத்துக்கு இழைத்தேன். குறுக்குப் பலகைகளை, ஆசாரி சொன்னபடி, ரேகை மேலும் கீழுமாக நிற்கும்படி நாலங்குலப் பலகை இரண்டிரண்டாக ஒட்டி 8 அங்குல அகலம், 12 அங்குல உயரம், ஆறு நூல் கனம். ஒட்டுகிற ஓரங்களை இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழைப்பில் இழைத்தால் இழைப்புளி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பிரித்து விரித்து வைக்கும்போது சாய்மானம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு நேராக வந்துவிடும். இந்த வித்தையைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஓரம் ஒட்டுவதில் பயமே போய்விட்டது. வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தேன், இடையில் ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. ஃபெவிகால் தடவி ஒரு ராத்திரி.

அடுத்த ஞாயிறு முழுக்கக் காடி வெட்டுவதில் போனது. பக்கப் பலகையின் உள்முகத்தில், முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, ஆறு நூல் அகலம், இரண்டு நூல் ஆழத்தில் மேலும் கீழுமாக ஓடுகிற ஒரு பள்ளம், அதுதான் காடி. குறுக்குப் பலகையின் ஓரம் அதில் போய் உட்கார வேண்டும். மொத்தம் நாலு காடி. மூலைமட்டம் வைத்துக் கத்தியால் கோடு கீறினேன். பென்சில் கோட்டுக்கு ஒரு கனம் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிடையாது, ரம்பமும் உளியும் அந்தக் கீறலில் தானாக வந்து விழும். கோட்டை ஒட்டி ஒரு ரீப்பர் துண்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன்மேல் ரம்பத்தைச் சாய்த்துக்கொண்டே இரண்டு நூல் ஆழத்துக்கு அறுத்தேன். ஆழம் தெரிய ரம்பத்தின் பக்கவாட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தேன். இரண்டு வெட்டுக்கும் நடுவே உள்ளதை நாலு நூல் உளியால் ஒரு பக்கத்திலிருந்து பாதிவரை, மறுபக்கத்திலிருந்து பாதிவரை எடுத்தேன். ஒரே பக்கத்திலிருந்து கடைசிவரை தள்ளினால் மறுமுனையில் மரம் பிய்ந்துகொண்டு போகும்.

உளியை நன்றாகத் தீட்டியிருந்தால் பைன் குறுக்கு ரேகையில்கூடச் செதில் செதிலாக வரும், வெட்டிய இடம் மெழுகு மாதிரி மின்னும். தீட்டு போய்விட்டால் முதலில் சத்தம் மாறும். ‘சர்க்’ என்று போய்க்கொண்டிருந்தது ‘கரகர’ என்று ஆகும், காடியின் அடியில் மரம் நொறுங்கிப் பள்ளம் பள்ளமாகத் தெரியும். மிருதுவான மரம் என்பதால் மொண்ணை உளி போதும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. தேக்கில் போகிற மொண்ணை உளி பைனில் போகாது, இழையை வெட்டாமல் நசுக்கும். ஒவ்வொரு காடிக்கும் நடுவில் ஒருமுறை சாணைக்கல்லில் பத்து இழுப்பு இழுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று காடியும் கை அழுத்தத்தில் இறங்கின. நாலாவதில் கோட்டுக்கு வெளியே அறுத்துவிட்டேன். பலகையைத் திருப்பி வைத்ததில் எந்தப் பக்கம் வெட்டிப்போடுகிற மரம் என்று குழம்பிவிட்டது. அரை நூல் லூஸ். பசை நிரப்பிவிடும் என்று விட்டிருந்தால் முதல் பெட்டியின் கதைதான். இழைப்புளியைக் கொஞ்சம் இறக்கி வைத்து, அதே மரத்தில் ஒரு கனத்த சீவல் எடுத்துக் காடியின் சுவரில் ஒட்டினேன். காய்ந்த பிறகு உளியால் மெலிதாகச் சீவிச் சீவிப் பொருத்தம் பார்த்தேன். இப்போது எந்த மூலை என்று எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வெட்டிப்போடுகிற பக்கத்தில் எல்லாம் பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்கிறேன்.

குறுக்குப் பலகை இரண்டையும் சேர்த்துக் கட்டி, கீழே 5 அங்குலம் நேராக விட்டு, அதற்குமேல் 8 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்குச் சாய்வாக அறுத்தேன். இந்தச் சாய்வுக்கு முதலில் அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக்கொண்டேன், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கைப்பிடித் துளை மேலிருந்து ஒன்றேமுக்கால் அங்குலத்தில் மையம், ஓர் அங்குல விட்டம். சேர்த்துக் கட்டியிருக்கும்போதே மெல்லிய பிட்டால் இரண்டையும் ஊடுருவி ஒரு துளை போட்டுக்கொண்டால் இரண்டு துளையும் ஒரே நேரில் வரும். அப்புறம் பிரித்து, ஓர் அங்குலப் பட்டை பிட்டால் ஒரு முகத்திலிருந்து பாதி, திருப்பிப் போட்டு மறுபாதி.

கைப்பிடி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உருண்டைக் கம்பு தேடித்தான் சந்தைக்குப் போனேன். அங்கே மண்வெட்டிக் காம்பு 90 ரூபாய்க்குக் கிடைத்தது. அது உருண்டையாக இல்லை, முட்டை மாதிரி நீள்வட்டம். கையில் பிடித்துப் பார்த்ததும் புரிந்தது, நாலு விரலும் மடங்குகிற வாகுக்கு அதுதான் சரி. முதல் பெட்டியின் குழாய் உள்ளங்கையை அறுக்கும், கை வியர்த்தால் பெட்டி ஊஞ்சல் மாதிரி சுழலும். இது சுழலாது. நீள்வட்டத்தின் கனமான பக்கம் மேலே நிற்கும்படி வைத்து, முனை இரண்டையும் துளைக்குள் நுழைகிற அளவுக்கு உருட்டி அரத்தால் கழுந்து எடுத்தேன். உள்பக்கம் துளைக்குள் நுழையாத தடித்த பகுதி தோளாக நிற்கிறது, வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

தோள் வைத்ததால் ஒரு சிக்கல் வந்தது. குறுக்குப் பலகைகளை முதலில் ஒட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிறகு நுழைக்கலாம் என்று வரிசை போட்டு வைத்திருந்தேன். பசை இல்லாமல் ஒருமுறை பூட்டிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, தோள் இருக்கிற கைப்பிடி எந்த வழியாகவும் உள்ளே போகாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூட்ட வேண்டும். பசை தடவியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு போயிருக்கும்.

பூட்டும்போது 10 அங்குலத்துக்கு வாய் திறக்கிற கிளாம்ப் என்னிடம் இரண்டுதான் இருந்தது, நாலு தேவை. மிச்சம் இரண்டு இடத்தில் கயிறு. பெட்டியைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கிக்கொண்டே போனால் கிளாம்பு தோற்கும் அளவுக்கு இறுக்கும். மூலையில் கயிறு மரத்தில் பதியாமல் இருக்க அட்டை வைத்தேன். பிறகு உள்மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். ஒரு பக்கம் ஒரு நூல் கூடுதல். நீளமாக இருந்த மூலைவிட்டத்தின்மேல் கையை வைத்து அழுத்தி, இரண்டும் ஒன்றாகும்வரை தள்ளிப் பிடித்தேன். பசையோடு ஒவ்வொரு மூலையிலும் ஒன்றரை அங்குல ஸ்க்ரூ இரண்டு. ஸ்க்ரூ போட்டால் அது தச்சு வேலையே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இங்கே குறுக்குப் பலகையின் ஓரம் நீள ரேகை, ஸ்க்ரூ நன்றாகக் கடிக்கும். தினமும் இடிபடுகிற பெட்டிக்கு அது இருப்பதே நல்லது என்பது என் முடிவு.

கைப்பிடிக் கழுந்தில் ரம்பத்தால் ஒரு வாய் வெட்டி ஆப்பு அடித்தேன். வெட்டு படுக்கையாக இருக்க வேண்டும். ஆப்பு ஏறும்போது கழுந்து மேலும் கீழுமாக விரியும், அந்தத் திசையில் பலகை தாங்கும். வெட்டை நிற்கும்படி போட்டிருந்தால் பக்கவாட்டில் விரிந்து பலகையை ரேகையோடு பிளந்திருக்கும். ஆப்புக்குப் பழைய தேக்குத் துண்டு. முதல் பெட்டியிலிருந்து இதில் வந்து சேர்ந்தது அது மட்டும்தான்.

அடிக்கு நாலேகால் அங்குலப் பலகை இரண்டு, நாலு நூல் கனம். நடுவில் இரண்டு நூல் இடைவெளி விட்டு, ஒவ்வொரு பலகையையும் அதனதன் பக்கப் பலகையின் ஓரத்தில் மட்டும் ஸ்க்ரூ போட்டேன். சுருங்கினாலும் உப்பினாலும் நடு இடைவெளிதான் கூடிக் குறையும். மரத்தூள் அந்த வழியாக உதிர்ந்துபோகிறது என்பதைப் பிறகுதான் கண்டேன். அடியில் குறுக்காக இரண்டு அடிக்கட்டை. அவை பலகையை இறுக்கிப் பிடித்துவிடக்கூடாது என்று ஒரு பலகைக்கு ஒரே ஸ்க்ரூ. ஈரத் தரையில் வைத்தாலும் பெட்டி நனையாது.

உள்ளே உளிக்கு ஒரு சட்டம். ஓர் அங்குலச் சதுர ரீப்பரில் ஒவ்வோர் உளியின் அகலத்துக்கும் ஒரு வாய் வெட்டிப் பக்கப் பலகையின் மேலோரத்தை ஒட்டி உள்ளே பொருத்தினேன். இரண்டு நூல் உளியிலிருந்து ஓர் அங்குல உளிவரை வரிசையாக நிற்கின்றன. இழைப்புளிக்கு ஒரு பக்கம் இடம், அதன் அடியில் மெல்லிய பட்டை ஒன்று, அலகு தரையில் படாது. முதலில் இழைப்புளி, டிரில் இரண்டையும் ஒரே முனையில் வைத்தேன், தூக்கினால் பெட்டி முன்பக்கம் குத்தியது. டிரில்லை எதிர்முனைக்கு மாற்றியதும் சமமாகிவிட்டது. ரம்பத்தின் பல்லுக்குத் தோட்டத் தண்ணீர்க் குழாயில் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி மாட்டியிருக்கிறேன்.

பூச்சுக்கு பெயிண்ட் கடையில் கிடைக்கிற பாயில்டு லின்சீட் எண்ணெய், துணியால் மூன்று கை. கைப்பிடிக்கும் அதுவே. வார்னிஷ் போட்டால் கை வழுக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காய்கிறபோது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெயிலில் கொடியில் தனியாகப் போட்டுக் காயவிட்ட பிறகே குப்பையில் போட்டேன்.

பெட்டி காலியாக 3.6 கிலோ. சாமானோடு 12.3. மரம் 580, காம்பு 90, ஸ்க்ரூ 60, பசை 85, எண்ணெய் 140, ஆக 955 ரூபாய். பட்டை பிட் 120 தனி, அது இனி எல்லா வேலைக்கும் ஆகும். நாலு ஞாயிறு, மொத்தம் 19 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் காடி, மூன்று மணி நேரம் ஆணி பிடுங்கியதும் தீட்டியதும்.

மறுபடி செய்தால் பக்கப் பலகையை நாலரை அங்குலமாகக் குறைப்பேன். குனிந்து அடியில் கிடக்கிற பென்சிலை எடுக்க இப்போது கை மணிக்கட்டு வரை போகிறது. காடியை அளவுகோலால் அளவு போட்டு வெட்டினேன். அது தப்பு. குறுக்குப் பலகையை இழைத்து முடித்துவிட்டு அதையே காடியின்மேல் நிறுத்திக் கோடு கீற வேண்டும், அளவுகோலே வேண்டாம். உளிச் சட்டம் காலுக்கு எதிர்ப்பக்கம் வருகிற மாதிரி பெட்டிக்கு ஒரு முன்பக்கத்தை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இப்போது இடக்கையில் தூக்கினால் உளிப்பிடி தொடையில் தட்டுகிறது.

அக்கா வீட்டுக் கதவில் கீல் ஸ்க்ரூக்கள் அரித்துப்போன துளையில் ஆடிக்கொண்டிருந்தன. தேக்குக் குச்சி அடித்துப் பசை வைத்து மறுபடி பிட் போட்டு ஏற்றினேன், அடியில் ஒரு நூல் இழைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது.

திரும்பும் வழியில் ஆசாரி வீட்டில் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணால் பார்க்கும் முன்பே குறுக்குப் பலகையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, திண்ணையில் இரண்டு நடை நடந்தார். பேரனுக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று அட்டை மாதிரியைக் கேட்டார், மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்றுத் திருப்பித் தந்தபோது அதில் கைப்பிடித் துளையை அரை அங்குலம் கீழே இறக்கிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

“மேல மரம் கொறச்சலா இருக்கு தம்பி. பைன்லா.”

அட்டையில் பழைய வட்டத்தை அடித்துவிட்டு அவருடைய வட்டத்தை வெட்டி எடுத்திருக்கிறேன்.